வழிவிடும் நாக்கு

நான் தூளி வியாபாரி. தொட்டில் பிள்ளைக்கான தூளி அல்ல. கணவனும் மனைவியும் ஒன்றாக ஏறிப் படுத்துச் சண்டை போட்டாலும் நூல் விடாத பெரிய தூளி. காம்பினா கிராண்டி சந்தையில் பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் தூக்கத்தை விற்றுவிட்டு, எனக்கென்று ஒரு முழம்கூட வெட்டி வைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன். இது சென்ற மார்ச் மாதம் வரை எனக்கே தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நான் தூங்காதவன் இல்லை, எந்நேரமும் தூங்குகிறவன். உட்கார்ந்தால் தூங்குவேன், சாய்ந்தால் தூங்குவேன், விலை பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்குவேன். ஒருமுறை கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், ஓரத்தில் பூவேலை செய்த தூளியைக் காட்டி நூற்று இருபது ரெயால் என்றாள். நான் பதில் சொல்லாமல் கண்ணை மூடினேன். நூற்று முப்பது என்றாள். நான் அசையவில்லை. நூற்றைம்பதுக்கு வந்தபோது, பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்கும் ஜுரேமா அக்கா தன் கத்தியின் பிடியால் என் விலாவில் ஒரு குத்து விட்டாள். திடுக்கிட்டு எழுந்து, "சரி, எடுத்துக்குங்க" என்றேன். "இப்படி ஒரு கல்லு மனுஷன நான் பாத்ததே இல்ல" என்று அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே தூளியை வாங்கிப் போனாள்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு, சொலெதாதி ஊரைத் தாண்டி ஒரு கள்ளிப் புதருக்குள் போய் நின்றது.

மத்தியானம் இரண்டு மணி. நல்ல வெயில். வண்டியில் நானும் என் மச்சான் நிவால்தோவும், பின்னால் இருநூறு தூளிகளும். ஆட்டுக்கறியும் அவித்த சோளமாவுக் கூஸ்கூஸும் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பியிருந்தோம். சாலை நேராகப் போனது, நான் போகவில்லை. கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு முன்னால் ஆள் உயரக் கள்ளி நின்றது. நிவால்தோ எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்த தூளிகள் சரிந்து வந்து எங்கள் முதுகைத் தாங்கியதால் இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. என் சரக்கைப் பற்றி நான் சொன்ன பெருமைகளில் மெய்யானது அன்றைக்கு ஒன்றாவது தேறியது.

செய்தி கேட்டு என் மனைவி தாமியானா பஸ் பிடித்து வந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். தம்பியையும் தடவிப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கித் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அங்கே கைவிட்டு எடுக்க எனக்கு உரிமை உண்டு. அவள் முகத்தைப் பார்த்து அந்த உரிமையை விட்டுக்கொடுத்தேன்.

"நீ வழியில தூங்க மாட்டேன்னு எனக்கு நம்பிக்கை வரணும். அதுவரைக்கும் இது உனக்கு இல்ல" என்றாள்.

நிவால்தோவுக்கு ஒரு கண் மங்கல், ஓட்ட முடியாது. நான் ஓட்டாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால், ஜூன் மாத யோவான் திருவிழாவுக்கு முன்னால் மேற்கே இருக்கிற ஊர்களுக்குச் சரக்கு போகாது. எங்கள் வருட வருமானத்தில் பாதி அந்தச் சில வாரத்தில்தான் இருக்கிறது. சாவி எனக்குத் திரும்பவும் வேண்டும், ஜூனுக்குள் வேண்டும்.

*

ஆஸ்பத்திரியில் தலையிலும் நெஞ்சிலும் ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த வேலை, குறையில்லாமல் செய்தேன். காலையில் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார்.

"மணிக்கு இருபத்தெட்டு தடவ உங்களுக்கு மூச்சு நிக்குது."

"ராத்திரி பூராவுக்குமா?"

"மணிக்கு."

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் முதலில் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டதில்லை. "இருபதுன்னு போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். தாமியானா என் காலை மிதித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தூக்கம் கலைகிறது, அதனால்தான் பகலில் சொக்குகிறது என்றார். முகத்தில் மாட்டிக் காற்று ஊதும் கருவி ஒன்று இருக்கிறது என்றார். இல்லாவிட்டால், இந்த அளவுக்கு நாக்குப் பயிற்சியும் சிலருக்குக் கேட்கும். மூன்று மாதம் செய்துவிட்டு மறுபடி ஒயர் ஒட்டிப் பார்க்கலாம் என்றார். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது.

நாக்குப் பயிற்சி! சந்தையில் சொன்னபோது ஜுரேமா அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உன் நாக்குக்கா பயிற்சி? விடியக்காலம் கட்டவிழ்த்து விட்டா சாயங்காலம்தானே திரும்பி வருது, அந்தக் கழுத!"

*

பயிற்சி தருகிற ஜெர்லானி அம்மாள், சந்தைக்குப் பின்புறம் இருக்கும் சுகாதார நிலையத்தில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பேச்சு, விழுங்குதல், மூச்சு எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறவர். வெறுங்கையோடு போகக் கூடாதென்று நல்ல மஞ்சள் தூளி ஒன்றைப் பரிசாகக் கொண்டு போனேன். மனசு இளகினால் மூன்று மாதம் இரண்டாகுமே என்பது என் எண்ணம். அவர் நன்றி சொல்லி வாங்கி, அங்கேயே பிரித்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையைக் கதவுக் கொக்கியிலும் மாட்டினார்.

"இதுதான் உங்க நாக்கு, எத்மார் அண்ணே."

"இவ்வளவு நீளம்தான்" என்றாள் கூட வந்திருந்த தாமியானா. "எனக்குத் தெரியும்."

ஜெர்லானி அம்மாள் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "நாக்குன்னா ஒரே சதைன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். எட்டு ஜோடி சதை. நாலு ஜோடி உள்ளயே கெடக்கு. நாக்க நீட்டும், சுருட்டும், தட்டையாக்கும். நீங்க சந்தையில கத்துறதுக்கு அது போதும். இன்னொரு நாலு ஜோடி வெளியில இருந்து இழுத்துக் கட்டியிருக்கு. ஒரு கொக்கி தாடை எலும்புக்கு உள்பக்கம். ஒண்ணு தொண்டையில இருக்கிற சின்ன எலும்புல. ஒண்ணு காதோரம். ஒண்ணு மேலண்ணத்துல."

"நாலு கொக்கியா? என் தூளிக்கு ரெண்டுதான்."

"அதனாலதான் இது அதிக நாளைக்கு ஒழைக்குது." அவர் தூளியின் நடுவில் கையை வைத்தார். "இதுல பெரிய கயிறு தாடையில இருக்கிறது. விசிறி மாதிரி விரிஞ்சு நாக்கு பூரா ஓடுது. ஒவ்வொரு மூச்சு இழுக்கிறதுக்கும் ஒரு நொடி முன்னாடி, நெஞ்சு அசையறதுக்கும் முன்னாடி, இதுக்குத்தான் உத்தரவு போகும்: முன்னால வா, வழி விடு. நாக்கு முன்னால நகரும். பின்னால காத்துப் போற பாத தெறக்கும். முழிச்சிருக்கும்போது உங்களுக்கு இது ஒழுங்கா நடக்குது. தூங்கினா கயிறு தளருது. மல்லாந்து வேற படுக்கிறீங்க." கதவுப் பக்கத்துக் கயிற்றைச் சற்று விட்டார். தூளி தொய்ந்து தரையைத் தொட்டது. அதற்கு அடியில் இருந்த இடம் காணாமல் போயிற்று.

நான் அந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தாறு வருடமாக இந்த நாக்கோடு வாழ்ந்திருக்கிறேன். இதை வைத்துச் சோறு சம்பாதித்தேன். பொய் சொன்னேன், சத்தியம் செய்தேன், பெண் பேசினேன். அது பேசாத நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலையை நான் கேள்விப்பட்டதே இல்லை. மூச்சுக்கு மூச்சு எனக்காக ஒதுங்கி நின்று, போ என்று வழிவிட்டிருக்கிறது. கூலி கேட்கவில்லை, சொல்லிக் காட்டவும் இல்லை.

நெகிழ்ந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஜெர்லானி அம்மாள் பயிற்சிகளைச் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளே இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டவைக்க வேண்டும். நுனியைக் கீழ்ப்பல்லில் ஊன்றிக்கொண்டு பின்நாக்கைக் கீழே அழுத்த வேண்டும்.

"ஒவ்வொண்ணும் நாப்பது தடவ. மூணு வேள."

"நாப்பதா! எனக்கு இருக்கிறது ஒரு நாக்கு டாக்டரம்மா. பத்து."

"பத்துல எலிக்குக்கூட ஒண்ணும் ஆகாது. முப்பத்தஞ்சு."

"பதினஞ்சு. தெரிஞ்சவங்கன்றதால."

"இன்னைக்குத்தான் பாக்குறோம். முப்பது."

நான் எழுந்து கதவுவரை போனேன். எழுந்து போவது எங்கள் தொழிலில் பாதி. அவர் கூப்பிடவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். இருபத்திரண்டில் முடிந்தது. கை கொடுத்துக்கொண்டோம். வெளியே வந்ததும் தாமியானாவிடம், "பாத்தியா, பாதிக்குப் பாதி கொறச்சுட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உடம்பு என்னுடையது, மூச்சு என்னுடையது, அதற்கான மருந்தைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இல்லை, எங்கள் சந்தையில் இன்னும் நூறு பேர் தேறுவார்கள்.

*

முதல் இரண்டு வாரம் சொன்னபடி செய்தேன். பிறகு என்னோடு நானே பேரம் பேச ஆரம்பித்தேன். என்னிடம் விலை குறைப்பது சுலபம். இருபத்திரண்டு பதினைந்தாயிற்று, பதினைந்து பத்தாயிற்று, மத்தியான வேளை கூட்டத்தில் காணாமல் போயிற்று.

ஆறாவது வாரம் ஜெர்லானி அம்மாள் ஒரு தட்டைக் குச்சியை என் வாய்க்கு முன் நீட்டி, "நாக்கால தள்ளுங்க" என்றார். தள்ளினேன். குச்சி அசையவில்லை.

"எத்தன தடவ செய்றீங்க?"

"ஒத்துக்கிட்டது இருபத்திரண்டு."

"ஒத்துக்கிட்டது எனக்குத் தெரியும். செய்யறது?"

நான் கூரையைப் பார்த்தேன். தாமியானா சொன்னாள்: "காலையில பத்து. மத்தியானம் கெடையாது. சாயங்காலம் ஜுரேமாவோட வாய்ச்சண்ட போட்டா அதையும் சேத்துக்கறான்."

ஜெர்லானி அம்மாள் குச்சியைக் குப்பையில் போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்கப்பா இதே சந்தையில முப்பது வருஷம் செருப்பு வித்தாரு. உங்கள மாதிரி ஆளுங்க மடியிலதான் வளந்தேன். எனக்கு வேண்டியது இருபது. இருபதுன்னு சொன்னா நீங்க எட்டுக்கு வருவீங்கன்னுதான் நாப்பதுல ஆரம்பிச்சேன். நீங்க ரெண்டு கூடவே குடுத்தீங்க. நல்ல வியாபாரம்னு சந்தோஷப்பட்டேன். பாத்தா, வாங்கின சரக்க நீங்க கடையிலயே விட்டுட்டுப் போயிருக்கீங்க."

பதினெட்டு வருட அனுபவம் ஒரு செருப்புக் கடைக்காரர் மகளிடம் தோற்றது. வெட்கமாக இருந்தாலும், வேலையைத் தெரிந்தவர் கையால் ஏமாந்ததில் ஒரு மரியாதையும் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தாமியானா பக்கம் திரும்பிவிட்டார்.

"தூங்கும்போது ஏதாவது மாத்தம் தெரியுதா அக்கா? மூச்சு நிக்கிறது கொறஞ்சிருக்கா?"

"இல்ல. முன்ன மாதிரிதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

தாமியானா தன் பையின் வாரை முறுக்கினாள். "அவன் மூச்சு நின்னா நானும் என் மூச்ச நிறுத்திக்குவேன்."

"எதுக்கு?"

"எவ்வளவு நேரம்னு தெரியணுமே. மணி பாக்க வெளக்கப் போட்டா முழிச்சுக்குவான். அதனால நானும் அடக்கிக்குவேன். எனக்கு நெஞ்சு முட்ட ஆரம்பிச்சா அவனுக்கும் முட்டும்ல? அப்ப ஒரு ஒத விடுவேன். மூச்சு வந்துரும்."

"எத்தன நாளா?"

"பொண்ணு பொறந்ததுல இருந்து. குழந்தைக்காக முழிச்சுக் கெடந்தப்பதான் கவனிச்சேன்."

"பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒம்பது."

என் மனைவி தூக்கத்தில் உதைக்கிறாள் என்று நான் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பழைய கோபத்தைக் காலில் வைத்திருக்கிறாள் என்று ஜுரேமாவிடம் சிரித்திருந்தேன். ஒன்பது வருடம் அவள் பக்கத்துத் தூளியில் கிடந்து, என்னோடு சேர்ந்து தன் மூச்சையும் நிறுத்தி, என்னை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பேரத்தில் வளர்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் உடனே ஒரு விலை தோன்றிவிடும். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா பயந்துருவ, மனுஷா. பயந்தா தூங்க மாட்ட."

நான் ஜெர்லானி அம்மாளைப் பார்த்தேன். "மொதல்ல சொன்ன நாப்பதே போடுங்க."

"வேணாம். நாக்கு நொந்து போயிரும். இருபது."

"முப்பது."

"இருபது. ஆனா இருபது."

"இருபத்தஞ்சு?"

"எத்மார்!" என்றாள் தாமியானா. அடங்கினேன்.

*

அதன் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. மத்தியானப் பயிற்சி கடையிலேயே நடந்தது. நாக்கை அண்ணத்தோடு உறிஞ்சி விடுவிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் எட்டாவது 'டொக்'குக்கே கரி வியாபாரியின் கழுதை, வண்டியோடு நகர ஆரம்பித்துவிட்டது. பத்தாவதில் ஓட்டம் பிடித்தது. கரி வியாபாரி அதன் பின்னால், கரி மூட்டைகள் அவர் பின்னால், ஊர்ப் பிள்ளைகள் மூட்டைக்குப் பின்னால். பன்னிரண்டாவதில் நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நிறுத்தவில்லை. இருபதையும் முடித்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நீ வாய மூடிக்கிட்டு இருக்கும்போதும் ஊருக்குத் தொல்லதான்" என்றாள் ஜுரேமா அக்கா. ஆனால் மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனதும், "கழுதயக் கட்டுங்கடா, எத்மார் ஆரம்பிக்கப் போறான்!" என்று அவள்தான் குரல் கொடுத்தாள். அப்படியாகச் சந்தையே எனக்கு வேளை பார்த்துச் சொன்னது. கரி வியாபாரி கழுதையின் காதில் பஞ்சு வைத்தார்; என்மேல் வழக்குப் போடவில்லை. அவருக்கும் என் நன்றி.

மே மாதத்தில் ஒருநாள் காலையில் எழுந்தபோது ஒரு கனவு ஞாபகம் இருந்தது. கனவு என்னவோ சாதாரணம்: ஒரு கோழி என்னிடம் தூளி கேட்கிறது. ஆனால் கனவு கண்டு எத்தனை வருடம்! தலை கனக்கவில்லை. தாமியானாவிடம் சொன்னேன். "நேத்து நாலே தடவதான் ஒதச்சேன்" என்றாள் அவள், காபியை ஊற்றிக்கொண்டே, மழை பெய்ததைச் சொல்வது போல.

ஜூன் முதல் வாரம் மறுபடி ஒயர். டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "பன்னெண்டு" என்றார். நான் பேரம் பேசவில்லை. பகலில் ஓட்டலாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓட்டக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும், பயிற்சியை ஆயுசுக்கும் விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வரும் வழியில் சுகாதார நிலையத்தில் நின்று ஜெர்லானி அம்மாளிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா உங்கள நல்லா வளத்திருக்காரு" என்றேன். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் சந்தையில் கிடையாது.

ஆனால் சாவியைத் தருகிறவர் டாக்டர் அல்ல.

"காகிதம் சரி. காகிதமா வண்டி ஓட்டுது?" என்றாள் தாமியானா. "நானும் வருவேன். பக்கத்துல உக்காந்து உன் கண்ணையே பாத்துக்கிட்டு வருவேன். ஒரு தடவ எமை சொருகினாலும் வண்டிய அங்கயே விட்டுட்டு எல்லாரும் பஸ்ஸுல வந்துருவோம்."

மறுநாள் காலையில் மேற்கே பாத்தோஸ் சந்தைக்குக் கிளம்பினோம். ஓட்டுகிற இடத்தில் நான், நடுவில் தாமியானா, ஜன்னலோரம் நிவால்தோ, பின்னால் மூன்று மாதம் காத்திருந்த சரக்கு. அவள் சொன்னபடியே உடம்பைத் திருப்பி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"ரோட்டப் பாரு."

"நீ பாக்கிறியான்னு பாத்தேன்."

"நான் பாக்குறேன். நீ ரோட்டப் பாரு."

சொலெதாதி வந்தது. வளைந்து போன கள்ளி இன்னும் அப்படியே நின்றது. அவள் கை என் முழங்காலில் இறுகியது. நான் வேகத்தைக் குறைத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுத்து மெதுவாக அதைக் கடந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் முழங்காலில் இருந்த கை லேசாயிற்று. பிறகு கனத்தது. பிறகு என் தோளில் ஏதோ சாய்ந்தது.

திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தேன். தாமியானா தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. ஒன்பது வருடத் தூக்கம், வண்டியின் உலுக்கலுக்கெல்லாம் மசியாமல். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் என் தோளில் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி முன்னால் அவள் நாக்கு அவளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், காப்பிக் கட வந்துருச்சு, நிறுத்து" என்றான் நிவால்தோ.

விரலை உதட்டில் வைத்தேன். அவன் அக்காவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். காபிக் கடை பின்னால் போயிற்று.

அடுத்த திருப்பத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மேய்ப்பனைக் காணோம். மெல்ல, குலுங்காமல் வண்டியை நிறுத்தினேன். நிவால்தோவின் கை பழக்க தோஷத்தில் அக்காவைத் தாண்டி ஹார்னுக்கு நீண்டது, பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம் மச்சான் இப்படியே?" என்று கிசுகிசுத்தான். "சந்த போயிரும்."

"போகட்டும்."

ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கடந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்த நொண்டிக் குட்டி நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்தது. அதற்கும் காத்திருந்தேன்.